கால் நரம்பு வலியும் டிஸ்க் ஆபரேஷனும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடங்களாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு (டிஸ்க், பேச்சில் ஜவ்வு) பிதுங்கி, காலில் நரம்பு வலியோடு வருகிறவர்கள்தான் என் மேசைக்கு எதிரே அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள். சரியாகச் சொன்னால், பாதிப் பேர் உட்கார முடியாமல் நின்றிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் அவர்கள் கேட்பவை ஆள் மாறினாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழிக்கு நெருக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். இதில் வருவது இடுப்புப் பகுதித் தட்டு மட்டும். கழுத்துத் தட்டின் கதை வேறு. மாத்திரைப் பெயர்கள் வரும் இடங்களில், அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை.

வலி காலில்தான் இருக்கிறது, முதுகு நன்றாகவே இருக்கிறது. டாக்டர் ஏன் முதுகை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்?

அழைப்பு மணியின் பொத்தான் வாசலில் இருக்கிறது, ஓசை கூடத்தில் கேட்கிறது. முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து, பிட்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கிப் பாதம் வரை போகின்றன. வேர் நசுங்குவது முதுகில்தான். ஆனால் அந்த நரம்பு எந்த இடத்துச் செய்தியைச் சுமக்கிறதோ அந்த இடம் வலிப்பதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. இதைத்தான் சயாட்டிகா என்கிறார்கள். 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் எழுதிக் காட்டும் வரை, தட்டுக்கும் கால் வலிக்கும் உள்ள தொடர்பு மருத்துவர்களுக்கே தெளிவாக இருக்கவில்லை. உங்களுக்குச் சந்தேகம் வருவதில் தவறே இல்லை.

வலி ஓடும் பாதையை ஒரே விரலால் கோடு போட்டுக் காட்டச் சொல்வேன். காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் புறங்காலுக்கும் கட்டைவிரலுக்கும் போனால் பெரும்பாலும் எல்5 வேர். கெண்டைக்காலின் பின்னால் இறங்கிப் பாதத்தின் வெளி ஓரத்துக்கும் சுண்டுவிரலுக்கும் போனால் எஸ்1. எல் என்றால் இடுப்புப் பகுதி முதுகெலும்பு, எஸ் என்றால் அதற்கும் கீழே ஒட்டியிருக்கும் எலும்பு, எண் மேலிருந்து வரும் வரிசை. பிதுங்கல்களில் மிகப் பெரும்பாலானவை எல்4–எல்5, எல்5–எஸ்1 என்ற கடைசி இரண்டு தட்டுகளில்தான் நடக்கின்றன.

ஜவ்வு விலகிவிட்டது என்கிறார்கள். நீவி உள்ளே தள்ளிவிட்டால் என்ன?

'விலகல்' என்ற சொல்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு தட்டு இறுக ஒட்டியிருக்கிறது. அது நழுவி வெளியே வருவதில்லை. சுற்றிலும் நாரால் பின்னிய வளையம், நடுவில் கூழ். வளையத்தில் கீறல் விழுந்தால் கூழ் அந்த வழியே பிதுங்குகிறது. கொழுக்கட்டையின் ஓரம் பிரிந்து பூரணம் எட்டிப் பார்ப்பது போல. பூரணத்தை மேலிருந்து நீவி உள்ளே அனுப்ப முடியாது. பிதுங்கிய கூழ் நரம்பை அழுத்துவதோடு நிற்காமல், தன்னிடமுள்ள வேதிப்பொருள்களால் அதை வீங்கவும் வைக்கிறது. சின்னப் பிதுங்கலே ஆளைக் கதற வைப்பது இதனால்தான்.

இறுகிய தசைக்கு மென்மையான தடவல் இதம் தரும், அதை நான் தடுப்பதில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பைச் சடக்கென்று முறுக்கிச் சுளுக்கெடுப்பது இரண்டும் வேண்டாம். மிதிக்கக் கொடுத்துவிட்டு மறுநாள் பாதத்தைத் தூக்க முடியாமல் வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் பிதுங்கல் என்று போட்டிருக்கிறது. மூன்றுக்கும் ஆபரேஷனா?

அநேகமாக இல்லை. முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. வலியற்ற இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்குத் தட்டு உப்பல் இருந்தது. ஐம்பது வயதில் 60 சதவீதம், எண்பது வயதில் 84 சதவீதம். தலை நரைப்பது போல இதுவும் ஒரு கணக்கு. உங்கள் விரல் போட்ட கோடும், பலக்குறைவு இருக்கும் தசையும், ஸ்கேனில் நசுங்கித் தெரியும் வேரும் ஒன்றையே சுட்டினால்தான் அந்த இடம் குற்றவாளி. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி 'ஆபரேஷன் வேண்டுமா?' என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. காலைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இது சர்க்கரை நரம்பு வலியா, முதுகு நரம்பு வலியா?

சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும், விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மெல்ல மேலேறும். எரிச்சலும் மதமதப்பும் இரவில் கூடும். தட்டினால் வருவது வழக்கமாக ஒரு காலில், கோடு பிடித்து ஓடும். குனிந்தால், இருமினால், நீண்ட நேரம் உட்கார்ந்தால் கூடும். இரண்டும் ஒரே காலில் குடியிருக்கவும் கூடும். அப்போது நரம்பு மின்னோட்டப் பரிசோதனை உதவும். வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையலாம்.

ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? எத்தனை நாள் பொறுப்பது?

பலருக்குச் சரியாகும். வெளியே பிதுங்கிய கூழை உடம்பே அந்நியப் பொருளாகக் கருதி மெல்லத் தின்றுவிடுகிறது. கேட்க விநோதமாக இருக்கும்: முழுதாகப் பிய்ந்து வெளியே விழுந்த பெரிய துண்டுகள்தான், சின்ன உப்பல்களைவிட அதிகம் கரைகின்றன. 'பெரிய பிதுங்கல்' என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் யாரும் மேசையில் ஏறிப் படுக்க வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் சயாட்டிகா இருந்த 283 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே அறுவை, மற்றதற்குப் பொறுத்திருந்து பார்ப்பது. 2007இல் வெளியான முடிவின்படி, ஒரு வருடம் கழித்து இரண்டிலுமே சுமார் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். உடனே அறுவை செய்துகொண்டவர்கள் தேற ஏறத்தாழ நான்கு வாரம், பொறுத்தவர்கள் தேறப் பன்னிரண்டு வாரம். பொறுத்திருந்த குழுவிலும் 39 சதவீதம் பேர் கடைசியில் அறுவைக்கே போனார்கள். ஆகவே வலிக்காக மட்டும் செய்யும் அறுவை என்பது சீக்கிரம் தேறுவதற்கான வழி. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் முயன்று பார்ப்பார்கள். தினக்கூலி வேலைக்குப் போகிறவர் அத்தனை நாள் வீட்டில் இருக்க முடியாது என்று அறுவையைத் தேர்ந்தால், அவர் அவசரப்படுகிறார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பலக்குறைவு வந்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அதுவரை இந்த வலியை எப்படித் தாங்குவது? ராத்திரித் தூக்கமே போய்விட்டது.

முதலில் படுக்கும் விதம். மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கி, கெண்டைக்கால் தரைக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். நாற்காலியின் இருக்கையில் கெண்டைக்காலைத் தூக்கி வைத்தாலும் சரி. நரம்பின் இழுவிசை குறையும். பக்கவாட்டில் படுத்தால் வலிக்கும் கால் மேலே இருக்கட்டும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கட்டாந்தரையில் படுத்தால் முதுகு நிமிரும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் தண்டனை. தரையிலிருந்து எழுந்திருக்கும் பாடு வேறு சேரும். மிகவும் குழையாத மெத்தை போதும்.

பகலில் படுத்தே கிடக்க வேண்டாம். இதுவும் டச்சு ஆய்வுதான்: சயாட்டிகா வந்த 183 பேரில் பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்கையில் வைத்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்; படுத்தவர்களுக்குத் தனி லாபம் ஏதும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடங்கள். இருமல், தும்மல் வந்தால் சுவரில் கை ஊன்றி முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளுங்கள். மலச்சிக்கலை விடாதீர்கள். முக்கும்போது ஏறும் அழுத்தம் நேராக அந்த வேரில் போய் இடிக்கும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கும் என்பதால், அதைத் தொடங்கும் நாளிலேயே வாழைத்தண்டும் கீரையும் தண்ணீரும் சேர்ந்து தொடங்கட்டும்.

மாத்திரைகளில் பாராசிட்டமால் தனியாக நரம்பு வலியை அதிகம் அசைக்காது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகள் வீக்கத்தைக் குறைப்பதால் முதல் சில வாரங்களில் ஓரளவு உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்களுக்கும், ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கும் அவை ஆபத்தாக முடியலாம். மருந்துக் கடையில் 'முதுகு வலிக்கு ஏதாவது' என்று கேட்டு மாதக்கணக்கில் விழுங்கி, முதுகோடு சிறுநீரகத்தையும் நோயாக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

'நரம்பு மாத்திரை' சாப்பிட்டால் தலை சுற்றுகிறது. நிறுத்திவிடலாமா?

அது பெரும்பாலும் பிரிகாபலின் அல்லது கபாபென்டின். பல சமயம் மெத்தில்கோபாலமின் (பி12 வகை) சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கும். தலைசுற்றல், தூக்கம், கால் வீக்கம், எடை ஏறுவது எல்லாம் தெரிந்த பக்க விளைவுகள். முதல் சில நாட்களுக்குப் பிறகு தலைசுற்றல் பலருக்குத் தணிகிறது. முதியவர்கள் இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிடாமல் விளக்கைப் போட்டு வையுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். மதுவோடு, டிரமடாலோடு சேர்ந்தால் மயக்கம் பெருகி மூச்சையே மந்தமாக்கும். சட்டென்று நிறுத்துவதுதான் கூடாது. குறைந்தது ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா நோயாளிகள் 209 பேரிடம் செய்த சோதனையில் பிரிகாபலின், வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017இல் தெரிந்தது. பிரிட்டனில் மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2020 முதல் சயாட்டிகாவுக்கு இவ்வகை மாத்திரைகளைத் தொடங்க வேண்டாம் என்கிறது. நம் ஊரில் இன்னும் தாராளமாக எழுதுகிறார்கள். சிலருக்குத் தூக்கமாவது வருகிறது. மூன்று நான்கு வாரமாகியும் தலைசுற்றலைத் தவிர வேறு பலன் இல்லை என்றால், 'இது எனக்குத் தேவைதானா?' என்று மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

கூகுளில் தேடினேன். மனச்சோர்வுக்கான மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களா?

இல்லை. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலக்ஸிடின் போன்றவை முதுகுத்தண்டில் வலிச் செய்தியின் ஓசையைத் தணிக்கின்றன. அமிட்ரிப்டிலினை வலிக்கு இரவில் 10 மில்லிகிராம் போலத் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவு அதைப்போலப் பல மடங்கு. வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும். பிராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு இது சிறுநீரை அடைக்கலாம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த இரண்டு கேள்விகளில் விளங்கும்.

முதுகில் ஊசி போட்டால் ஆபரேஷனைத் தவிர்க்கலாமா?

நரம்பு வேரின் அருகே ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவது அது. வீக்கத்தைத் தணித்துச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் இதம் தரும். அந்த இடைவெளியில் உடம்பு கூழைக் கரைத்துவிட்டால் அறுவை தேவைப்படாமல் போகலாம். நிரந்தரத் தீர்வாக நம்பிப் போனால் ஏமாற்றமே. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை தாறுமாறாக ஏறும், முன்கூட்டியே திட்டமிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் ஊசிக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எந்த அறிகுறி வந்தால் நேரம் பார்க்காமல் ஓட வேண்டும்?

சைக்கிள் சீட்டில் உடம்பு படுமே, அந்த இடம் மரத்துப்போவது. சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது போவதே தெரியாமல் கசிவது. மலம் கட்டுப்படாமல் போவது. இரண்டு கால்களிலும் வலியோ பலக்குறைவோ சேர்ந்து வருவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நரம்பு வேர்க் கொத்து முழுவதும் நசுங்கும் நிலை அது. அறுவையில் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் கணக்கில் சேரும். 48 மணி நேரத்தைத் தாண்டவே விடக்கூடாது. 'மாத்திரையால் சிறுநீர் அடைத்திருக்கும்' என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். அது அமிட்ரிப்டிலினால் வந்ததா, நரம்பால் வந்ததா என்று மருத்துவமனையில் பிரித்துப் பார்க்கட்டும்.

வெட்கம் இங்கே பெரிய எதிரி. கால் வலியை அரை மணி நேரம் விவரித்துவிட்டு, எழுந்து போகும்போது கதவருகே நின்று 'சிறுநீர்கூடச் சரியாக வருவதில்லை' என்று மெல்லிய குரலில் சொன்ன அம்மாவை என்னால் மறக்க முடியாது. இப்போதெல்லாம் அதைத்தான் நான் முதல் கேள்வியாகக் கேட்கிறேன்.

பத்து நாளாகத் துடித்தேன். நேற்று முதல் வலியே இல்லை, ஆனால் செருப்பு காலிலிருந்து கழன்று போகிறது. குணமாகிறதுதானே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வலி கத்தும், பலக்குறைவு கத்தாது. நரம்பு மிகவும் நசுங்கி, செய்தி கடத்துவதையே நிறுத்தும்போதும் வலி நிற்கும். செருப்பு கழன்று போவதும், நடக்கும்போது பாதம் 'தப் தப்' என்று தரையில் அடிப்பதும் பாதத்தைத் தூக்கும் தசை பலமிழந்ததன் அடையாளம். வலி போன மகிழ்ச்சியில் இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டு வருகிறவர்கள், திரும்பக் கிடைத்திருக்கக்கூடிய பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடலாம்.

தினமும் காலையில் பல் துலக்கும்போது சோதியுங்கள். குதிகாலில் நின்று பத்து அடி நடக்க முடிகிறதா? அது எல்5. ஒற்றைக் காலில் நுனிவிரலில் பத்து முறை எழும்ப முடிகிறதா? அது எஸ்1. மறு காலோடு ஒப்பிடுங்கள். நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

முதுகில் கை வைத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்களே?

இந்தப் பயம் தலைமுறை தாண்டி வருகிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1–எல்2 அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தனித்தனி நரம்பு வேர்கள். நாம் பேசும் அறுவை நடப்பது அதற்கும் கீழே. மைக்ரோடிசெக்டமி எனப்படும் இந்த அறுவையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு, நுண்ணோக்கி, எலும்பின் ஓரத்தில் சிறு சன்னல். வேரை மெல்ல ஒதுக்கி, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். தட்டு முழுவதையும் எடுப்பதில்லை, திருகு ஆணி எதுவும் வைப்பதில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நரம்பைச் சுற்றியுள்ள உறை கிழிவது, கிருமித் தொற்று, மிக அரிதாக வேரிலேயே காயம் ஆகியவை உண்டு. கால் பலமிழந்த சிலரின் கதையை விசாரித்தால், அறுவைக்கு முன்பே பலம் போயிருந்து தாமதமாக வந்தவர்களாக இருப்பார்கள். பழி மட்டும் கத்தியின் மேல் விழுந்திருக்கும்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. அதற்குள் நான் என்ன செய்யலாம்?

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், நாட்டு மருந்து உட்பட. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், புண் ஆறுவதும் தொற்று வராததும் அதைப் பொறுத்தது. புகையை இன்றோடு விடுங்கள். தட்டுக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, கசிந்து வரும் சத்தில் பிழைக்கிறது. நிகோட்டின் அதையும் குறைக்கிறது. உருண்டு எழுவதை இப்போதே பழகுங்கள்: ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறை மட்டும் இருந்தால் மேலே போடும் நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள்.

மரத்துப்போன இடத்தைப் பேனாவால் வரைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் சொல்வேன். பிறகு 'ஆபரேஷனால் மரத்துப்போனது' என்ற சந்தேகம் வரும்போது அந்தப் படம் பேசும்.

கண் விழித்ததும் கால் வலி சுத்தமாக இல்லை. நான்காம் நாள் பழையபடி சுண்டி இழுக்கிறது. ஆபரேஷன் தோல்வியா?

முதல் இரண்டு வாரங்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதுதான். மாதக்கணக்கில் நசுங்கியிருந்த வேரை ஒதுக்கி வேலை செய்திருக்கிறார்கள். அதைச் சுற்றி வீக்கம் சில நாட்களுக்கு ஏறித்தான் இறங்கும். மருத்துவமனையில் தந்த வலி மருந்து உடம்பிலிருந்து வடிவதும், வீட்டுக்கு வந்த உற்சாகத்தில் கொஞ்சம் அதிகம் உட்கார்ந்துவிடுவதும் சேர்ந்துகொள்கின்றன. பலம் குறையாமல், வலி வந்து வந்து போனால் பொறுக்கலாம்.

பொறுக்கக் கூடாதவை: முன்பு இல்லாத புதுப் பலக்குறைவு, மேலே சொன்ன சிறுநீர்க் குறிகள், காய்ச்சலோடு புண்ணில் சீழ், உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து படுத்தால் தணியும் தலைவலி. ஒரே கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி அமுக்கினால் வலித்தால் அது நரம்பாக இல்லாமல் ரத்தக்கட்டாக இருக்கலாம். நீவவே கூடாது, அன்றே காட்டுங்கள். சில வாரம் நன்றாக இருந்துவிட்டு, கட்டிலில் புரளக்கூட முடியாத முதுகு வலி புதிதாகக் கிளம்பினால் தட்டில் தொற்று இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இதில் காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம்.

வலி போய்விட்டது. மதமதப்பு மட்டும் போகவில்லையே?

அறுவை சிகிச்சை அழுத்தத்தை எடுக்கும். நரம்பைச் செப்பனிடுவது உடம்பின் வேலை. வழக்கமாக முதலில் வலி போகும், பிறகு பலம் வரும், மதமதப்புதான் கடைசி. நரம்பின் உறை மட்டும் பாதித்திருந்தால் சில வாரங்கள், மாதங்களில் திரும்பும். உள்ளிழையே அறுந்திருந்தால் அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள். சிலருக்குச் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு திட்டு நிரந்தரமாகத் தங்கிவிடும், நடைக்கு அது தடையாக இருப்பதில்லை.

தேறும் வழியில் எறும்பு ஊர்வது, சுருக்கென்று குத்துவது, குளிர்ந்த நீர் பட்டது போன்ற உணர்வு எல்லாம் வந்து போகலாம். மரத்த பாதத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு தெரியாமல் கொப்புளம் வந்தவர்களுக்கு, முதுகுப் புண் ஆறிய பிறகும் பாதப் புண் ஆறுவதில்லை.

நரம்பு மாத்திரையை எப்போது நிறுத்துவார்கள்?

வலி இல்லாமல் இரண்டு வாரம் போனால் கேட்கத் தொடங்கலாம். வீக்க மாத்திரையும் டிரமடாலும் முதலில் போகும், நரம்பு மாத்திரை படிப்படியாக. காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன். மதமதப்புக்காக மட்டும் பிரிகாபலினை மாதக்கணக்கில் தொடர்வதில் பொருளில்லை, அது மதமதப்பை எடுக்கும் மருந்தே இல்லை.

கீழே உட்காரலாமா? பைக் ஓட்டலாமா? வேலைக்கு எப்போது?

மருத்துவருக்கு மருத்துவர் சொல்வது மாறும்; உங்களுக்கு அறுவை செய்தவரின் சொல்லே கடைசி. பொதுவாக நான் சொல்வது: முதல் நாளிலிருந்து நடை. உட்காருவது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்படி. தரையில் சம்மணம், குந்துதல், குனிந்து கோலம் போடுதல் ஆறு வாரத்துக்கு வேண்டாம். கோலம் விட்டுப்போகிறதே என்று வருந்தாத அம்மா ஒருவரும் இல்லை. மார்கழியில் அறுவை வைக்காதீர்கள் என்று பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு. தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, பேரக் குழந்தை எதையும் ஆறு வாரம் தூக்காதீர்கள். அதன் பிறகும் உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கித்தான். நாற்காலி வேலைக்கு இரண்டு முதல் ஆறு வாரம், சுமை தூக்கும் வேலைக்கு மூன்று மாதம் வரை. பைக், பிரேக் பிடிக்கும் காலில் முழு பலம் வந்த பிறகு. பஸ்ஸில் கடைசி இருக்கை மட்டும் வேண்டாம்.

பெல்ட், வெளியே போகும்போது துணைக்கு. நாள் முழுக்கக் கட்டிக்கொண்டால் தசை சோம்பேறியாகிவிடும்.

தாம்பத்தியம்…?

இந்தக் கேள்வி எப்போதும் இப்படி மூன்று புள்ளியோடுதான் வரும். சுமார் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, வலி அனுமதித்தால். அறுவை ஆனவர் மல்லாந்தோ ஒருக்களித்தோ இருக்கட்டும். அந்த உறுப்புகளில் உணர்வு குறைந்திருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எட்டு மாதம் நன்றாக இருந்தேன். வாளி தூக்கியதும் திரும்பக் காலுக்குப் பாய்கிறது. மறுபடியும் அதுவேவா?

இருக்கலாம். அதே தட்டில் மீதமிருக்கும் கூழ் திரும்பப் பிதுங்குவது நூறு பேரில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு நடக்கிறது. நல்ல இடைவெளிக்குப் பிறகு, ஒரு குறிப்பிட்ட அசைவில், பழைய பாதையிலேயே மின்னல் போல வந்தால் சந்தேகம் வலுக்கும். தேதியே சொல்ல முடியாமல் மெல்ல மெல்ல வரும் எரிச்சல் வேறு வகை, அது பழைய அறுவையின் தழும்பாலும் இருக்கலாம். மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. இரண்டையும் பிரித்துக் காட்டும்: தழும்பு மருந்தை உறிஞ்சிப் பளிச்சிடும், புதுத் துண்டு பளிச்சிடாது. மறு பிதுங்கலும் முதல் முறை போலவே கரையக்கூடும். பல் துலக்கும் சோதனையில் பலம் சரியாக இருந்தால் மறுபடியும் ஆறு வாரக் கணக்கைத் தொடங்கலாம்.

இரண்டு வருடமாகிறது. ஸ்கேனில் எல்லாம் சரி என்கிறார்கள், காலில் எரிச்சல் நிற்கவே இல்லை. இன்னொரு ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா?

ஸ்கேனில் எதுவும் நசுங்கவில்லை என்றால், எடுப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் கத்தி வைப்பதாகும். தழும்பு சேர்ந்து வலி கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். நீண்ட நாள் அடிபட்ட நரம்பு, பொத்தானிலிருந்து கை எடுத்த பிறகும் ஒலிக்கும் பழுதான மணி. உங்கள் வலி பொய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு வலி சிகிச்சை நிபுணர் வேண்டும். டுலக்ஸிடின், நார்ட்ரிப்டிலின் போன்றவற்றைப் பொறுமையாகச் சோதிப்பது, தூக்கத்தைச் சரிசெய்வது, படிப்படியாக நடையைக் கூட்டுவது, தேவைப்பட்டால் மனநல ஆலோசனை, எதற்கும் மசியாத சிலருக்கு முதுகுத்தண்டருகே மின்தூண்டல் கருவி. கடைசியாகச் சொன்னது லட்சக்கணக்கில் செலவாகும். அதற்கு முன் தற்காலிகமாக வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள், அந்தச் சோதனையில் பலன் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

அப்படி வருகிறவர்களிடம் நான் வலிக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பதில்லை. போன மாதம் எதுவரை நடந்தீர்கள், இந்த மாதம் எதுவரை என்று கேட்பேன். தெருமுனைப் பால் பூத்தில் தொடங்கி, ஒரு வருடத்தில் பெருமாள் கோயில் வரை நடந்து திரும்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இன்றும் வருகிறார். எரிச்சல் இருக்கிறதா என்றால் 'இருக்கிறது' என்றுதான் சொல்கிறார்.